அம்மாவுக்குப் படித்துக் காட்டவும்

வாண்டோ, தென்கொரியா
7 ஏப்ரல் 2024

பூர்ணா அக்காவுக்குச் சுரேந்திரன் எழுதுவது.

நான் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வீடியோ போனில் நீயும் நானும் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அம்மாவோ காது கேட்காமல் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறாள். அதனால் அவள் சொன்னபடியே கடிதமாக எழுதுகிறேன். அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவும். இந்த முதல் பக்கத்தை மட்டும் உன்னோடு வைத்துக்கொள்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கொரியப் பரீட்சை பாஸ் பண்ணி, கம்பெனி கூப்பிட்ட பிறகும், அம்மாவின் நெஞ்சு இப்படி இருக்கும்போது போகமாட்டேன் என்று நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். பிப்ரவரியில் யாங்கூனில் வாலிபப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. உடனே நீ அங்கே ஓடி இங்கே ஓடி, என்னை மூட்டை கட்டி விமானத்தில் ஏற்றிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அம்மாவுக்கு மூச்சு முட்டினால் ஐந்து மாடியும் யார் தூக்கிக்கொண்டு இறங்குவது? லீவு கிடைத்ததும் வந்து அவளைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இனி சத்தமாகப் படி.

அம்மா, இந்த ஊரில் தரை சுடுகிறது. முதல் நாள் ராத்தங்கிய அறையில் கீழே தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். குளிருக்காகத் தரைக்கு அடியில் வெந்நீர் ஓட விடுகிறார்களாம். இப்போது அதன்மேல் பாய்கூடப் போடாமல் பூனை மாதிரி சுருண்டு தூங்குகிறேன்.

கடலுக்குள் வலைக்கூண்டு கட்டி அதில் சிப்பி வளர்க்கிற பண்ணை எங்களுடையது. காலையிலிருந்து அந்தச் சிப்பிகளுக்குக் கடல்பாசி அள்ளிப் போடுவதுதான் என் வேலை. முதலாளியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறாள். முதல் நாள் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், இல்லை என்று. பாவம், போட்ட வேலையைப் போட்டபடி விட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகுதான் தெரிந்தது, நம் ஊரில் கேட்கிற மாதிரி அது சும்மா ஒரு விசாரிப்பு. சம்பளக் கவரை வாங்கும்போது நான் வழக்கம்போல இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு வாங்கினேன். முதலாளிக்கு ஆச்சரியம். உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்றார். எங்கள் யாங்கூனில் பஸ் கண்டக்டருக்குக்கூட அப்படித்தான் நீட்டுவோம் என்றேன்.

ஆனால் கத்தரிக்கோலை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. தட்டில் இருக்கிற இறைச்சியைத் துணி வெட்டுகிற மாதிரி கத்தரிக்கோலால் வெட்டிப் போடுகிறார்கள். சேமியாவையும் அதே கத்தரிக்கோலால்தான். அக்கா தைக்கிற இடத்தில் அவளுடைய கத்தரிக்கோலை யாராவது தொட்டாலே கொலை விழும்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை முதலாளி என்னைப் பொதுக் குளியல் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் நம் வழக்கப்படி லுங்கியை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அங்கே முப்பது நாற்பது ஆண்கள், ஒருவர் மேலும் ஒரு நூல் இல்லை. எல்லாரும் என்னைத்தான் ஏதோ அசிங்கத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். காவலாள் வந்து லுங்கியைக் கழற்று, இல்லாவிட்டால் வெளியே போ என்று கையைக் காட்டினான். நான் வெளியே போனேன். முதலாளி சிரித்துச் சிரித்துத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா. மாத்திரையை மறக்காதே. ஏப்ரலுக்கு அப்புறம் இங்கே குளிர் குறைந்துவிடுமாம்.

சுரேன்

*

கியாக்டடா, யாங்கூன்
2 மே 2024

தம்பி சுரேந்திரனுக்கு,

உன் கடிதம் வந்தது. கீழே தபால்காரர் கயிற்றுக் கிளிப்பில் மாட்டிவிட்டு மணி அடித்ததும் நான் எழுந்துபோகும் முன் அம்மாவே பால்கனிக் கயிற்றை இழுத்துக் கிளிப்பிலிருந்து எடுத்துவிட்டாள். மூச்சு வாங்க இழுத்தாள். விடு என்றால் கேட்கவில்லை.

முதல் பக்கத்தை நான் தனியாகத்தான் படித்தேன். அதற்குப் பதில் இதுதான். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை. திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள். நம் கட்டடத்தில் மட்டும் உன் வயசுக்காரர்கள் மூன்று பேர் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்கள் வீட்டிலேயே சொல்வதில்லை. வார்டு ஆபீசிலிருந்து குடும்பப் பட்டியலைச் சரிபார்க்க இரண்டு தடவை வந்துவிட்டார்கள். தம்பி எங்கே என்று கேட்டார்கள். கொரியாவில் என்று தைரியமாகச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத்தான் இத்தனை பாடும்.

மற்றதைச் சத்தமாகப் படித்தேன். அம்மாவின் நல்ல காது பக்கம் உட்கார்ந்து கத்தியதில் கீழ்வீட்டு மைமூன் அக்கா என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டாள். அவளும் உட்கார்ந்து கேட்டாள். குளியல் வீடு வந்ததும் அம்மா என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கி அந்த இடத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்.

"துணியில்லாமக் குளிக்கிற ஊருக்கா எம்புள்ளைய அனுப்பி வச்சே? சாலை ஓரத்துல பைப்படியில குளிச்சாலும் மானமாக் குளிச்ச பரம்பரைடி நாம" என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் நெஞ்சு வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டே சிரித்தாள். சூலே கோபுரத்துப் பக்கம் அவள் தோசைக்கல் போட்டு விற்ற காலத்தில் பழகியவர்கள் யாராவது வந்தால் இதைச் சொல்லிக் காட்டுகிறாள். நாலு பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். கால் வீக்கம் இறங்கவில்லை. கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் போகிறது. வெயில் தாங்காமல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருக்கிறாள். நான் காலையில் கம்பெனி ஃபெர்ரி பஸ் பிடித்து ஷ்வேப்யிதா தையல் தொழிற்சாலைக்குப் போய் வரும்வரை மைமூன் அக்கா பார்த்துக்கொள்கிறாள்.

லீவு, வருகிறேன் என்றெல்லாம் எழுதாதே. அம்மாவே சொன்னாள், "அவன் அங்கேயே இருக்கட்டும், இங்க வர வேணாம்" என்று. வந்தவன் திரும்ப விமானம் ஏறுவது நிச்சயமில்லை. அதை எண்ணிப் பார்.

பூர்ணா

*

வாண்டோ
16 ஜூன் 2024

அக்கா,

இந்தக் கடிதம் முழுவதும் உனக்குத்தான். அம்மாவுக்குப் படிக்காதே.

இரண்டு வாரத்துக்கு முன் முதலாளியின் அப்பா காலமாகிவிட்டார். இங்கே சாவை வீட்டில் வைப்பதில்லை. ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று கூடம் இருக்கிறது. மூன்று நாள். ஒரு படம், பூ, ஊதுபத்தி. வருகிறவர்கள் படத்துக்கு முன் விழுந்து இரண்டு தடவை வணங்குகிறார்கள். உயிரோடு இருக்கிற பெரியவருக்கு ஒரு தடவைதான், செத்தவருக்கு இரண்டு தடவை. நாம் மூன்று தடவை விழுந்து பழகியவர்கள் இல்லையா, நான் மூன்றாவது தடவையும் விழுந்துவிட்டேன். அது சின்னத் தப்பு.

அடுத்து நடந்ததுதான் பெரிய தப்பு. வணங்கி முடித்ததும் எல்லாரையும் பக்கத்து அறையில் உட்கார வைத்துச் சிவப்பாக ஒரு சூப்பும் சோறும் போட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். சாவு வீட்டில் கை நனைக்காமல் வர வேண்டும், வந்து தலை முழுக வேண்டும் என்றுதானே அம்மா வளர்த்தாள். முதலாளியம்மா கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். நான் கீழே வைத்துவிட்டேன். மாட்டிறைச்சி என்பதால் என்று சொல்லியிருந்தாலாவது தப்பித்திருப்பேன். பேசத் தெரியாமல், செத்த இடத்துச் சாப்பாடு கூடாது என்று எனக்குத் தெரிந்த கொரியத்தில் சொல்லித் தொலைத்தேன். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் செத்தவருக்குச் செய்கிற மரியாதையாம். நான் அவர் அப்பா தீட்டு என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. முதலாளி பத்து நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை மட்டும் விரலால் காட்டுகிறார்.

அது இருக்கட்டும். மூன்று நாளும் முதலாளி அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். மூத்த மகன். ஒருவர் விடாமல் வந்தவர்களுக்குக் குனிந்தார். கண் சிவந்துபோய், தாடி முளைத்து. நான் ஒரு மூலையில் நின்று அவரையே பார்த்தேன். மகன் என்றால் பக்கத்தில் நிற்க வேண்டும். அம்மாவுக்கு ஒன்று ஆனால் யார் நிற்பது? யார் கொள்ளி வைப்பது? எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

செப்டம்பரில் ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். முதலாளியம்மா வழியாகத்தான் கேட்டேன். கிடைக்கும்போல இருக்கிறது. என்னைத் தடுக்காதே. அம்மாவுக்கு ஏதாவது ஆகி நான் வருவதற்குள் நீ எல்லாவற்றையும் முடித்துவிட்டால் நான் உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன். இதை மனசார எழுதுகிறேன்.

சுரேந்திரன்

*

யாங்கூன்
9 ஜூலை 2024

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. தாமதமாக எழுதுகிறேன், தொழிற்சாலையில் ஏற்றுமதி நெருக்கடி.

அம்மா இருக்கிறாள். அதிகம் தூங்குகிறாள். எழுந்தால் கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாள். வைபர் வீடியோ இப்போது எங்கள் பக்கம் திறப்பதே இல்லை. எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். சாதாரணப் போனில் அம்மாவுக்குக் கேட்காது, உனக்கே தெரியும். அதனால் கூப்பிட்டு அலைய வேண்டாம். கடிதம் போடு, நான் படித்துச் சொல்கிறேன்.

செப்டம்பரில் வருவதாக எழுதியிருப்பதை அம்மாவிடம் சொன்னேன். வர வேண்டாம் என்கிறாள். "என்னைப் பாக்க வந்து அவன் மாட்டிக்கிட்டா நான் எப்படி நிம்மதியாக் கண்ண மூடுவேன்" என்று சொல்கிறாள். பெற்றவள் சொல்வதைக் கேள். போன வாரம் விமான நிலையத்திலிருந்து வெளியே வந்த ஒரு பையனை அப்படியே ஏற்றிக்கொண்டு போனதாகப் பேச்சு. பொய்யோ மெய்யோ, அதை நம் வீட்டில் சோதித்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

முதலாளியிடம் மன்னிப்புக் கேள். சாப்பாட்டை மறுத்தால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். மழை விடாமல் பெய்கிறது. துணி எதுவும் காயவில்லை.

பூர்ணா

*

வாண்டோ
20 ஆகஸ்ட் 2024

அக்கா,

சரி. வரவில்லை. லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா சொன்ன பிறகு நான் என்ன செய்ய.

இதோடு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் தீவில் விளைகிற கடல்பாசி, காயவைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டவும்.

அம்மா, செப்டம்பர் ஐந்தாம் தேதி எனக்குப் பிறந்த நாள். இங்கே பிறந்த நாளுக்குக் கேக்கை விட முக்கியம் இந்தப் பாசி சூப்புதான். ஏன் என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் மூன்று வேளையும் இதைத்தான் கொடுப்பார்களாம், நமக்குக் காயம் மருந்து கொடுக்கிற மாதிரி. அதனால் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் வருஷா வருஷம் அந்த நாளில் இதைக் குடித்து, அம்மா அன்றைக்குப் பட்ட பாட்டை நினைத்துக்கொள்கிறார்களாம். பிறந்த நாள் உன்னுடையதா, உன் அம்மாவுடையதா என்று அவள் என்னைக் கேட்டாள். இத்தனை வருஷம் நான் உன்னிடம் புதுச் சட்டை வாங்கியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் இதை நினைத்ததில்லை.

என்னைப் பெற்ற அன்று மழையில் வண்டி கிடைக்காமல் நீ இடுப்பு வலியோடு நடந்தே போனாய் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அந்த நாளுக்காக இதைக் குடி. பூண்டைத் தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, கொஞ்சம் மீனும் சேர்க்கலாம். உனக்குப் பிடித்ததா, என்ன சொன்னாய் என்று அக்காவை எழுதச் சொல். ஒரு வார்த்தையும் விடாமல் எழுதச் சொல். நீண்ட கடிதமாக இருந்தால் நல்லது.

சுரேன்

*

யாங்கூன்
12 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

பொட்டலம் நாலாம் தேதியே வந்துவிட்டது. நீயாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா, அது இப்படி ஊதும் என்று. முழுப் பொட்டலத்தையும் பெரிய சட்டியில் ஊறப் போட்டுவிட்டு நான் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சட்டி வழிந்து மேடையெல்லாம் பச்சை. அதை அள்ளி வாளியில் போட்டேன், வாளியும் நிறைந்தது. மைமூன் அக்கா வந்து பார்த்துவிட்டு, உன் தம்பி கடலையே அனுப்பிவிட்டானா என்றாள். கட்டடம் முழுவதும் கொடுத்தும் தீரவில்லை.

அம்மாவுக்கு நீ சொன்னபடி பூண்டு தட்டிப் போட்டுச் சமைத்தேன். முதலில் மூக்கைச் சுளித்தாள், குளத்துப் பாசி வாடை அடிக்கிறது என்று. பிறகு இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "வழவழன்னு இருக்குடி, ஆனா தொண்டைக்கு எதமா இருக்கு" என்றாள். உன்னைப் பெற்ற அன்றைய மழையைப் பற்றிச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கிண்ணத்தை

தம்பி, இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

அம்மா போய்விட்டாள். ஜூன் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, விடியற்காலை. போன கடிதம் எழுதும்போதே அம்மா இல்லை. இந்தச் சூப்பை நான் மட்டும் உட்கார்ந்து குடித்தேன். அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்து யோசித்து மேலே உள்ளதை எழுதினேன். கிண்ணத்தை நீட்டினாள் என்று எழுதப்போகும்போது அவள் கை கண்ணில் வந்துவிட்டது. இனி முடியாது.

சொல்கிறேன், கேள். நாலு நாளாக மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஐந்து மாடி ஏற்றினோம். கடைசியில் அதிகம் கஷ்டப்படவில்லை. சுடுகாட்டில் ஆண்பிள்ளை வேண்டும் என்றார்கள். கோவில் கமிட்டி தேவராஜ் மாமாதான் நின்றார், அவருக்கும் எழுபது வயசு. எங்கே போவேன் ஆண்பிள்ளைக்கு? நம் தெருவில் பகலில் வெளியே வருகிற வாலிபப் பையன் ஒருவன் உண்டா? நானே குடம் எடுக்கிறேன் என்றேன். பொம்பளை கூடாது என்றார் ஒருவர். அப்படியானால் நீங்கள் வந்து பெற்ற பிள்ளையாக நில்லுங்கள் என்றேன். நகர்ந்துவிட்டார். மூன்று சுற்றும் நான்தான் சுற்றினேன். கொள்ளியும் நான்தான் வைத்தேன்.

ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன் என்று நீ எழுதிய கடிதம் தகனம் முடிந்த மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் மறைப்பது என்று முடிவு செய்தேன். சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய். அம்மாவையும் கொடுத்துவிட்டு உன்னையும் கொடுக்க என்னால் முடியாது. மன்னிக்க வேண்டாம். திட்டு. ஆனால் வராதே.

பூர்ணா

*

வாண்டோ
6 அக்டோபர் 2024

அக்கா,

எனக்குத் தெரியும்.

ஜூலை இரண்டாம் தேதியே தெரியும். மைமூன் அக்காவின் மகள் ஸமீரா பினாங்கிலிருந்து போன் பண்ணினாள். நீ மைமூன் அக்காவிடம் சத்தியம் வாங்கியிருப்பாய், மகளிடம் வாங்க மறந்துவிட்டாய். அவள் எனக்குத் தெரியும் என்று நினைத்து, அம்மாவுக்காகத் துவா செய்ததாகச் சொன்னாள். நான் தாங்க்ஸ் சொல்லிப் போனை வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்ப் பாசி அள்ளிப் போட்டேன். சாயங்காலம்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் தலையை மழித்துக்கொண்டேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். விமான நிலையத்துக்குப் போகிற பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. அடுத்த பஸ் வந்தது. அதிலும் ஏறவில்லை. யாங்கூனில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கிறவன் முகம்தான் கண் முன்னால் வந்தது. அம்மா முகம் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது அக்கா. அதுதான் உண்மை. வருவேன் வருவேன் என்று உன்னிடம் எத்தனை தடவை வீறாப்பாக எழுதினேன். வரவேண்டிய நாளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

என்னைக் காணாமல் முதலாளி லாரியை எடுத்துக்கொண்டு தேடி வந்தார். மொட்டைத் தலையைப் பார்த்ததும் கேட்டார், "அப்பாவா, அம்மாவா?" அம்மா என்றேன். ஒரு மாதமாக என்னிடம் பேசாதவர் என் பையைத் தூக்கிக்கொண்டார். அன்று அவர் வீட்டுக் கூடத்தில் மேஜை போட்டு, என் போனிலிருந்து அம்மா படத்தை எடுத்து அச்சடித்து வைத்தார்கள். முதலாளியும் முதலாளியம்மாவும் வேலைக்காரர்கள் ஏழு பேரும் வரிசையாக இரண்டு தடவை விழுந்து வணங்கினார்கள். நான் படத்துக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் குனிந்தேன். பிறகு முதலாளியம்மா அந்தச் சிவப்புச் சூப்பையே கொண்டுவந்து வைத்தாள், எனக்காக மாட்டிறைச்சி போடாமல் காளான் போட்டு. எல்லாரும் என்னைப் பார்க்காமல் தங்கள் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தார்கள், நான் என்ன செய்வேனோ என்று. நான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. அம்மா இருக்கிறாள், கஞ்சி குடிக்கிறாள், வர வேண்டாம் என்கிறாள் என்று. நீ மறைக்கிறாய் என்று தெரிந்தும் அந்தக் கடைசி வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மே மாதமும் அம்மா அதையேதானே சொல்லியிருந்தாள். நீ மறைத்தவரை, நான் வராதது என் பயத்தால் இல்லை, எனக்குத் தெரியாததால்தான் என்று நடிக்க முடிந்தது. உனக்கு முன்னாலும் எனக்கு முன்னாலும்.

பாசி அனுப்பியதுதான் பாவம். தெரிந்தேதான் அனுப்பினேன். அம்மா பேசி இன்னும் ஒரு கடிதம் வேண்டும் என்று ஆசையாக இருந்தது. நீ அம்மா பேசுவதை எழுதினால் அப்படியே அம்மாவாக இருக்கிறது. கிண்ணத்தை என்ற இடம்வரை படித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகாமல் இரண்டு நாள் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன்.

சுரேந்திரன்

*

யாங்கூன்
4 நவம்பர் 2024

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன். அந்தப் பாசி சூப்புக்கு முன்னால் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாய். அம்மாவை என் வாயில் வைத்துக்கொண்டு இரண்டரை மாதம் சுற்றியிருக்கிறேன், உனக்காக என்று நினைத்து. எனக்கு வாய்விட்டு அழக்கூட நேரம் இல்லாமல் போனது அதனால்தான்.

இப்போது ஆறிவிட்டது. நீ பயந்ததற்கு உன்னை நான் குறை சொல்லமாட்டேன். நீ பயப்பட வேண்டும் என்றுதானே ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன். ஆனால் நீ உண்மையை எழுதிவிட்டாய். நானும் ஒன்று எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

வர வேண்டாம் என்று அம்மா ஒரு நாளும் சொல்லவில்லை. மே மாதமும் சொல்லவில்லை. அது முழுக்க நான் எழுதியது. அம்மா தினமும் கேட்டது ஒன்றுதான், அவன் எப்ப வர்றான் என்று. காது கேட்காதவளுக்கு மாடிப்படியில் யார் ஏறினாலும் எப்படியோ தெரிந்துவிடும். கதவைப் பார்ப்பாள். கடைசி நாலு நாளும் வாசல் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தாள். திருப்பிப் படுக்க வைத்தால் மூச்சு முட்டுகிறது என்பாள்.

வியாழக்கிழமை இரவு கண் சரியாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "சுரேனா? வந்துட்டியா?" என்றாள். ஊசியும் துணியும் பிடித்து என் கை ஆம்பிளைக் கை மாதிரி காய்த்துப் போயிருக்கிறது. நான் அவள் காதருகே குனிந்து, "ஆமாம்மா, வந்துட்டேன்" என்றேன். சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. முகம் தெளிந்துதான் போனாள். உன் பெயரில் அவளிடம் நான் சொன்ன பொய் அது. அவள் இருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்னைப் பூர்ணா என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பு வருகிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வருகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உன் கடிதங்கள் நாலையும் எடுத்து ஒன்றாகப் படித்தேன். கொரியாவில் கண்டவரெல்லாம் உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நாலு கடிதத்திலும் நீ என்னை ஒரு தடவைகூட எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கோபமாக எழுதவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை, அதனால் சொல்கிறேன். கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதியிருப்பேன்.

நான் நன்றாக இல்லை, தம்பி. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் பேச ஆளில்லை. இங்கே பட்டாளத்துக்குப் பெயர் எழுதுவது இன்னும் ஓயவில்லை, நீ வராதே. இது அம்மா சொன்னதில்லை, நான் சொல்வது. ஃபெர்ரி பஸ் வந்துவிடும், போக வேண்டும். பதில் போடு.

பூர்ணா